கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கோழி

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பச்சரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து, மிக்சியில் அரைத்த மாவு. சல்லடையில் ஒருமுறை, பிறகு ஆயாவின் பழைய வாயில் புடவைத் துண்டில் இன்னொருமுறை. துணிக்குக் கீழே விழுவது மட்டும்தான் எனக்கு வேண்டும். கோலமாவு விரலிடுக்கில் வழுக்குமே, அதைவிடவும் மெல்லிசாக.

“இன்னாடி, இடியாப்பமா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா, லேபுக்கு.”

“லேபுல யாருக்கு அரிசி?”

“ஒரு பூச்சி வளக்குறோம். அதுக்கு.”

அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். “எத்தினி கோயி செத்துச்சு நம்ம வூட்ல. ஆயா ஒக்காந்து அயுதுச்சே. அந்தப் பூச்சியாடி?”

அதே பூச்சி இல்லை. அதன் பக்கத்துவீட்டுப் பூச்சி. இரண்டும் கோழியின் ஒரே குடல்பையில் குடியிருப்பவை. ஆனால் அம்மா அதையா கேட்டாள்? கோழியைக் கொல்லும் ஒன்றுக்கு மகள் ஏன் மாவு சலிக்கிறாள் என்று கேட்டாள். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது வியாசர்பாடியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். ஆயா காசிமேட்டில் விடிகாலையில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கும். கூடையில் மிஞ்சிய செதிலும் குடலும் எங்கள் கோழிகளுக்கு. எப்போதும் நாலைந்து பெட்டைகள், ஒரு சேவல், பின்னாலேயே குஞ்சுகள். பகலெல்லாம் சந்திலும் கால்வாய் ஓரத்திலும் மேயும். பொழுது சாய்ந்தால் மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்த கூடைக்குள் அடங்கும்.

ஐப்பசி பிறந்தால் ஆயாவுக்குத் தூக்கம் கெடும். மழை நாலு நாள் விடாமல் பெய்தால், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். தீனி எடுக்காது. கூடையைத் தூக்கினால் தரையில் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் இருக்கும். “கோயிக்கு ரத்தமா போவுது” என்று ஆயா சொல்லும்போது குரலே மாறிவிடும். ஒரு வருடம் பதினோரு குஞ்சில் ஒன்பது போயிற்று. அந்தக் குஞ்சுகள் பெரிதாகி முட்டை வைத்தால்தான் எனக்குப் பள்ளிக்கூட நோட்டு. கடைசிக் குஞ்சை மடியில் வைத்து அதன் அலகில் பூண்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு ஆயா உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அது இரத்தக் கழிச்சல் என்றும், அதற்குக் காரணம் ஐமீரியா என்னும் ஒரு செல் உயிர் என்றும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கப் போனபோது தெரிந்துகொண்டேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரம். அங்கே நுண்ணோக்கியின் வழியே அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நீளம். கோழி முட்டையையே யாரோ சின்னதாகச் செய்துவைத்த மாதிரி, இரட்டைச் சுவர் போட்ட ஓடு. ஊசிஸ்ட் என்று பெயர்.

கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு இனங்களைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் குடலில் ஓர் இடம். எங்கள் குஞ்சுகளைக் கொன்றது டெனெல்லா. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் கோழிக்கு இரண்டு முட்டுச்சந்துப் பைகள் உண்டு, சீக்கம் என்போம். டெனெல்லா அங்கேதான் குடியேறும். குடல்சுவரின் செல்லுக்குள் புகுந்து, பலவாகப் பிரிந்து, செல்லை உடைத்து வெளியேறி, அடுத்த செல்லுக்குள் புகும். இரண்டாம் தலைமுறை, சுவரின் ஆழத்தில் போய் வளர்ந்து மொத்தமாக வெடிக்கிறது. ரத்தம் வருவது அப்போதுதான், உள்ளே போன நான்காம் ஐந்தாம் நாளில். ஆயாவின் கணக்கு பிசகவே இல்லை.

எச்சத்தோடு வெளியே வந்து விழும் ஊசிஸ்ட் அந்த நேரத்தில் யாரையும் ஒன்றும் செய்யாது. அது முற்ற வேண்டும். முற்றினால் உள்ளே நான்கு அறைகள், அறைக்கு இரண்டாக எட்டு உயிர்கள். அதற்கு வேண்டியவை மூன்று: ஈரம், காற்று, 28 முதல் 30 டிகிரி வரை சூடு. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போதும். மழைக்காலச் சென்னை இந்த மூன்றையும் அதற்குக் கொடுத்துவிடுகிறது. நாங்கள் ஆய்வகத்தில் கருவி வைத்து உண்டாக்கும் சூழல், மாடிப்படிக்குக் கீழே ஆயாவின் கூடைக்குள் தானாகவே இருந்தது.

ஆயா ஒன்று செய்யும். விறகடுப்புச் சாம்பலைக் கூடைக்கு அடியில் கொட்டி, காலையில் எச்சத்தோடு சேர்த்து வாரி எறியும். பாட்டிகாலத்துப் பழக்கம் என்று நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். தினம் வாரினால் முற்றுவதற்கு முன்பே ஊசிஸ்ட் வெளியேறிவிடும். மழை அடைத்து, விறகு நனைந்து, சாம்பல் இல்லாமல் போன வாரங்களில்தான் குஞ்சுகள் செத்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் உதவும். மழை விட்டதும் மாநகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடர் தூவிப் போவார்கள். காலராக் கிருமிக்கு அது எமன். ஊசிஸ்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஆய்வகத்தில் ஊசிஸ்ட்டோடு ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல நாங்களே அதைப் பிளீச் கரைசலில்தான் ஊறவைக்கிறோம். பாக்டீரியா சாகும், ஊசிஸ்ட் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். பினாயிலும் அப்படித்தான். அதைக் கொல்வது நல்ல வெயில், காய்ந்த தரை, கொதிக்கும் தண்ணீர், அம்மோனியா.

இப்போது வளர்ப்புக்கு வருகிறேன்.

என் வேலை மாதவரம் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில். கோழி ஒட்டுண்ணிகளை உயிரோடு வைத்திருப்பதும், கேட்கும் ஆய்வாளர்களுக்குக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஒரு மருந்து இன்னும் வேலை செய்கிறதா, ஒரு தடுப்பூசி தாங்குமா என்று பார்க்க உயிருள்ள ஒட்டுண்ணி வேண்டும். செத்ததை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது.

பாக்டீரியாவை வளர்ப்பவர்களைப் பார்த்து எனக்குப் பல வருடம் பொறாமை. தட்டில் கூழ் ஊற்றி, ஊசியால் கோடு இழுத்து, இரவு மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் முத்து முத்தாக வளர்ந்திருக்கிறது. ஐமீரியாவுக்கு அந்த வழி இல்லை. அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். அதனால் முதலில் அதை ஏமாற்ற வேண்டும்: நீ கோழிக்குள் போய்விட்டாய் என்று.

அந்த ஏமாற்று வேலை எப்படி என்றால், முதலில் எச்சத்தைக் கரைத்து வடிகட்டி, உப்பு தெவிட்டிய தண்ணீரில் கலக்குகிறோம். கனமானவை அடியில் தங்க, ஊசிஸ்ட் மேலே மிதந்து வரும். அதை அள்ளி, உப்பு போகக் கழுவி, 2.5 சதவீதப் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் விட்டு, காற்று படும்படி குலுக்கி வைத்தால் முற்றும். டைக்ரோமேட் நல்ல ஆரஞ்சு நிறம். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அண்டவிடாது. முற்றியதை 4 டிகிரி குளிரில் மாதக்கணக்கில் வைக்கலாம். எங்கள் குளிர்பெட்டியைத் திறந்தால் வரிசையாக ஆரஞ்சு பாட்டில்கள். புதிதாக வருபவர்கள் ரஸ்னாவா என்று கேட்பார்கள். தொடவே கூடாத நஞ்சு அது.

அடுத்தது ஓட்டை உடைப்பது. கோழிக்குள் இதைச் செய்வது அரைவைப் பை, நாம் மாங்கா என்று சொல்லிப் பிரியாணியில் தேடும் அதே உறுப்பு. குழாய்க்குள் சின்னக் கண்ணாடி மணிகளைப் போட்டுச் சுழற்றுவது எங்கள் மாங்கா. பிறகு டிரிப்சினும் பித்த உப்பும் சேர்த்து 41 டிகிரியில் வைக்கிறோம். 41 டிகிரி என்பது கோழியின் உடற்சூடு. டிரிப்சின் கணையத்துக்குப் பதில், பித்த உப்பு ஈரலுக்குப் பதில். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் அறைகளின் முனையிலிருக்கும் அடைப்பு கரைந்து, வாழைப்பழ வடிவில் மெல்லிய உயிர்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

அவற்றை மாட்டின் சிறுநீரகச் செல்களின் மேல் விடுகிறோம். எம்டிபிகே என்று பெயரிட்டு உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கும் செல் அது. உள்ளே புகும், பிரியும், முதல் தலைமுறை வளர்ந்து வெளியே வரும். அங்கே நின்றுவிடும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் அந்த இரண்டாம் தலைமுறையையும், அதன் பிறகு வரும் ஆண் பெண் நிலைகளையும் நாம் பார்க்க விரும்பினால், அது இந்த வீட்டில் குடித்தனம் பண்ண மறுக்கிறது.

வேறு வழிகளைப் பலர் தேடியிருக்கிறார்கள். 1965-ல் லாங் என்ற ஆய்வாளர், அடைகாக்கும் முட்டைக்குள் இருக்கும் சவ்வின்மேல் டெனெல்லாவை விட்டு, அதன் வாழ்க்கைச் சுற்று முழுவதையும் அங்கேயே முடிக்கவைத்தார். 1970-ல் டோரன், கோழிக்குஞ்சின் சிறுநீரகச் செல்களில் தொடங்கி ஊசிஸ்ட் வரை கொண்டுபோனார். படிக்கும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகுதான் விளைச்சலின் அளவு உறைத்தது. கோழிக்குள் போடுவதில் இருந்து கிடைப்பது பெருமழை என்றால் செல்லில் கிடைப்பது தூறல். ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்த பாத்திரத்துக்கு என்று விடாமல் தொடர்ந்து வளர்க்க இன்றுவரை வழியில்லை.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆரஞ்சு பாட்டில்கள் எல்லாம் குஞ்சுகளிலிருந்து வந்தவை. பொரித்த நாளிலிருந்து கம்பிவலைத் தரையில், ஒட்டுண்ணியின் நிழல்கூடப் படாமல் வளர்த்த குஞ்சுகளுக்கு மூன்று வார வயதில் அளந்து கொடுக்கிறோம். ஏழாம் நாள் எடுக்கிறோம். ‘வளர்ப்பு’ என்ற சொல்லுக்குள் அந்த ஏழாம் நாளும் இருக்கிறது. கட்டுரைகளில் செய்முறை என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் கடந்துபோவார்கள். நான் கடக்க விரும்பவில்லை. ஊசிஸ்ட் குளிர்பெட்டியில் இருந்தாலும் மாதங்கள் போகப்போக வீரியம் குறையும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் குஞ்சுகளில் ஏற்றி இறக்க வேண்டும். ஒன்றையும் சோதிக்காமல், வெறுமனே வைத்திருப்பதற்கே இந்த விலை.

ஒவ்வொரு முறையும் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எத்தனை குஞ்சு, ஏன், குறைக்க முடியாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கேள்வியைச் சட்டமாக்கியதில் சென்னைக்குப் பங்கு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ன் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர், அலுவலகமும் நெடுங்காலம் இங்கேயே இருந்தது. அந்தப் படிவத்தை ஒரு தொந்தரவாகப் பேசும் சக ஊழியர்களோடு நான் உடன்பட்டதில்லை. போன முறை நான் கேட்டது பன்னிரண்டு. குழு ‘எட்டில் முடியாதா’ என்றது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முடிந்தது. நான்கு குஞ்சு.

ஐமீரியாவை ஏமாற்றித் தோற்றதனால்தான் ஹிஸ்டோமோனாஸ் என்னும் அந்தப் பக்கத்துவீட்டுப் பூச்சிமீது எனக்கு இத்தனை பற்று என்று நினைக்கிறேன். அம்மா பார்த்த அரிசி மாவு அதற்குத்தான். அதைக் குஞ்சே இல்லாமல் குழாயில் வளர்க்கலாம்.

வான்கோழிகளைக் கொள்ளையாகக் கொல்லும் நோயின் காரணி அது. கந்தக மஞ்சளில் கழிச்சல். அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்ட வட்டமாகக் குழி. 1895-ல் தியோபால்டு ஸ்மித் இதை அமெரிக்காவில் விவரித்தார். கோழிக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கோழி சுமந்து பரப்பும். வெளிக்காற்றில் சில மணி நேரத்தில் சாகும் இந்த மென்மையான உயிர், சீக்கத்தில் வாழும் ஹெட்டராகிஸ் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டால் மண்ணில் வருடக்கணக்கில் பிழைக்கும். 1920-ல் ஸ்மித்தும் கிரேபிலும் அதைக் காட்டினார்கள். ஒட்டுண்ணியின் முட்டைக்குள் இன்னோர் ஒட்டுண்ணி. அந்த முட்டையை மண்புழு தின்னும். மண்புழுவை வான்கோழி தின்னும். மழை பெய்து மண்புழு மேலே வந்தால் சொல்லவே வேண்டாம்.

1924-லேயே இதைக் குழாயில் வளர்த்துவிட்டார்கள். நாங்கள் பின்பற்றும் கலவை 1970-ல் டிவையர் எழுதியதன் வழிவந்தது: மீடியம் 199 என்னும் ஊட்டக் கரைசல், குதிரைச் சீரம் என்னும் ரத்தத் தெளிநீர், அரிசி மாவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரிசி மாவைப் பாட்டிலில் வாங்குகிறார்கள். நான் அரைக்கிறேன். புழுங்கலரிசியில் ஒருமுறை முயன்றேன், கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது, பச்சரிசிக்கே திரும்பினேன். வறட்டுச் சூட்டில் கிருமி நீக்கி, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிட்டிகை. இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த உருண்டை உயிருக்குள் மாவுமணிகள் கிடப்பது தெளிவாகத் தெரியும். சோறு தின்ற வயிறு.

அரிசியும் சீரமும் மட்டும் போதாது. கோழிக் குடலின் பாக்டீரியாவும் கூடவே வேண்டும். பாக்டீரியாவை முழுக்க நீக்கிவிட்டால் இது சாகிறது. வியன்னா ஆய்வாளர்கள் பொறுமையாகக் குறைத்துக் குறைத்து, ஒரே ஒரு ஈ.கோலை வகையோடு வாழவைத்துவிட்டார்கள். அதற்கும் கீழே இறங்க முடியவில்லை. சுத்தம் சுத்தம் என்று பயிற்சி பெற்று வந்த எனக்கு இது முதலில் பெரிய உறுத்தல். கலங்கலாக, மணத்தோடு இருக்கும் குழாய்தான் நல்ல குழாய்.

நான் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் எல்லாக் குழாயும் செத்துப்போயின. அப்படித்தான் நினைத்தேன். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டை உருண்டையாக, அசைவே இல்லாமல். குறிப்பேட்டில் ‘உயிரில்லை’ என்று எழுதிக் கொட்டிவிடுவேன். மேலதிகாரி ஒருவர் ‘இதெல்லாம் கையராசி’ என்று சொன்னதை நம்பவும் செய்தேன். ஒரு மே மாத மதியம் ஏசி பழுதாகி, சன்னல் வழியே கத்திரி வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. வியர்க்க விறுவிறுக்கப் பார்த்தபோது, அந்த உருண்டைகளில் ஒன்று விளிம்பை நீட்டியது. இன்னொன்று தள்ளாடித் திரும்பியது. ஒற்றை வால் ஆட்டி, சுழன்று சுழன்று நகர்ந்தது.

குளிர்ந்ததும் சுருண்டு அசையாமல் போய்விடும் உயிர் அது. 22 டிகிரி ஏசி அறையில் சில்லை எடுத்து வைத்து விளக்கைச் சரிசெய்வதற்குள் அது உறைந்துவிடுகிறது. மூன்று மாதம் உயிருள்ளதைத்தான் கொட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து சில்லை வெதுவெதுப்பாக்காமல் நான் எதையும் செத்தது என்று எழுதுவதில்லை. இந்த அறிவை எந்தப் புத்தகமும் மறைக்கவில்லை. சூடான மேடையில் பார்க்கவும் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். கோழியின் உடல் எவ்வளவு சூடு என்பது எனக்கு எண்ணாகத்தான் தெரிந்திருந்தது, கையால் தெரிந்திருக்கவில்லை. மழைநாளில் ஆயா குஞ்சை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளுமே, அந்தச் சூட்டை நான் குழாயைச் சுற்றி உண்டாக்க வேண்டியிருந்தது.

2023 நவம்பரில் செங்குன்றம் பக்கத்திலிருந்து ஒருவர் செத்துக்கொண்டிருந்த வான்கோழியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். பதினாலில் எட்டு ஏற்கெனவே போய்விட்டன. நாட்டுக்கோழியும் வான்கோழியும் ஒரே கொல்லையில். அது எங்கள் மேசையிலேயே அடங்கியது. சூடு ஆறுவதற்குள் சீக்கத்திலிருந்து எடுத்து, முன்பே 40 டிகிரியில் வைத்திருந்த குழாய்களில் விட்டேன். மூன்றாம் நாள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றி வந்தேன். உறையவைத்துச் சேமிக்கத் திரவ நைட்ரஜன் வர வேண்டியிருந்தது. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் மழை பிடித்தது. 4-ஆம் தேதி காலையில் மின்சாரம் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சுற்றிச் சுற்றி மூலக்கடை வந்து, அங்கிருந்து முட்டியளவுத் தண்ணீரில் நடந்து போனேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் எனக்கு முன்பே வந்து, இன்குபேட்டர் கதவைத் திறக்காமல் அதன்மேல் கம்பளி போர்த்தியிருந்தார். இன்வெர்ட்டர் மதியம் வரை தாங்கியது.

“மேடம், நம்ம சோத்து ஃபிளாஸ்க் இருக்குதே” என்றார்.

அகலவாய் ஃபிளாஸ்க் இரண்டு. எரிவாயு அடுப்பில் தண்ணீர் காயவைத்து, பச்சைத்தண்ணீர் விளாவி, வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு 41-க்கு இறக்கினோம். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவும் அதே கை. எட்டுக் குழாய், பக்கத்துக்கு நான்கு. முக்கால் மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்து, ஒரு டிகிரி இறங்கியிருந்தால் கொஞ்சம் சுடுதண்ணீர். மாற்றி மாற்றிக் கண் அயர்ந்தோம். வெளியே தவளைச் சத்தமும் தண்ணீர் ஓடும் சத்தமும். நடுராத்திரியில் அண்ணன் கேட்டார், “இது செத்துட்டா அந்தச் செங்குன்றத்து ஆளோட கோயிங்க செத்தது வீணாப்பூடுமா மேடம்?” நான் பதில் சொல்லவில்லை. தண்ணீரைக் காயவைக்க எழுந்து போனேன்.

ஐந்தாம் தேதி விடிந்ததும் நுண்ணோக்கியின் கீழ்க்கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பி, சில்லை ஃபிளாஸ்க்கின் வாயில் காட்டிச் சூடாக்கிப் பார்த்தோம். ஐந்து குழாயில் ஒன்றுமில்லை. சூடாக்கிச் சூடாக்கிப் பார்த்தும் ஒன்றுமில்லை. மூன்றில் இருந்தன. மூன்றாவதில் நான் எண்ணியது ஏழு. ஏழு போதும்.

அந்த ஏழிலிருந்து வந்தவற்றுக்குத்தான் இன்றைக்கு நான் மாவு சலிக்கிறேன். இங்கே எனக்கு ஒரு கவலை. ஹிஸ்டோமோனாஸ் குழாயில் நெடுநாள் வாழ்ந்தால் கொல்லும் குணத்தை மெல்ல மெல்ல இழக்கிறது. டைசர் என்ற ஆய்வாளர் 1930-களிலேயே கவனித்தது. அரிசியும் சூடும் தானாகக் கிடைக்கும்போது ஈரலைத் துளைத்துப் போகும் வேலை அதற்கு எதற்கு? நோயைச் சோதிக்க வேண்டியவர்களுக்கு இது இழப்பு. ஆனால் இந்த இழப்பையே வியன்னாவில் கையில் எடுத்தார்கள்: நூற்றுக்கணக்கான முறை குழாய் மாற்றி வளர்த்து, பல்லுப்போன ஒட்டுண்ணியை வான்கோழிக்குக் கொடுத்து, பல்லுள்ளது வரும்போது தாங்கவைத்தார்கள். இது பெரிய விஷயம். ஏனென்றால் மருந்துப் பக்கம் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. அமெரிக்காவில் கடைசியாகப் புழக்கத்திலிருந்த ஆர்சனிக் மருந்தான நிடார்சோனும் 2015 முடிவோடு விலக்கப்பட்டது. கறிக்கோழி, வான்கோழி வழியாக ஆர்சனிக் மனிதருக்குப் போவதை யாரும் ஒப்ப மாட்டார்கள், சரிதான்.

ஐமீரியாவிலும் இந்தப் பாதை உண்டு. 1952-லேயே அமெரிக்காவில் எட்கரின் உழைப்பில், உயிருள்ள ஊசிஸ்ட்டைக் கொஞ்சமாகக் கொடுக்கும் தடுப்பூசி வந்துவிட்டது. 1975-ல் ஜெஃபர்ஸ், எச்சத்தில் முதன்முதலாக வரும் ஊசிஸ்ட்களை மட்டும் திரும்பத் திரும்பப் பொறுக்கி, அவசரமாக வளர்ந்து அதிகம் சேதம் செய்யாத வழித்தோன்றலை உண்டாக்கினார். அத்தகைய தடுப்பூசிகள் இன்று உலகெங்கும் குஞ்சுப் பொரிப்பகங்களில் தெளிக்கப்படுகின்றன. அவற்றையும் கோழிகளுக்குள்தான் வளர்த்து எடுக்கிறார்கள். ஐமீரியாவைக் குழாயில் முழுக்க வளர்க்கும் வழியை யாராவது கண்டுபிடித்தால் மிச்சமாகும் குஞ்சுகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்க்கிறேன். சமீப காலமாகக் கோழிக் குடலின் செல்களைக் கொண்டே குட்டிக் குடல் மாதிரிகளை வளர்க்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். ஃபிளாஸ்க் கதையை முழுதாகக் கேட்டாள். பிறகு, “அப்ப நீ பூச்சிய வளக்கல. கோயி வவுத்த செஞ்சுனுகீற” என்றாள். பத்து வருடமாக என் வேலையைப் பிறருக்கு விளக்க நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

செங்குன்றத்துக்காரர் போன மாதம் தொலைபேசினார். வான்கோழியை விட்டுவிட்டார், அந்த மண்ணில் இன்னும் சில வருடத்துக்கு வளர்க்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நாட்டுக்கோழி மட்டும் வைத்திருக்கிறாராம். குஞ்சுக்கு ரத்தமாகப் போகிறது என்றார். கூளத்தைத் தினம் கிளறிக் காயவைக்கவும், ஈரமானதை வாரி வெளியே போடவும், தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்மேல் உயர்த்தி வைக்கவும் சொல்லி, மருந்துக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே போகச் சொன்னேன். சாம்பலையும் சொன்னேன். வைக்கும் முன் தயங்கிக் கேட்டார்.

“மேடம், நம்மகிட்டேருந்து எடுத்தீங்களே, அது இன்னும் உயிரோடவா இருக்குது?”

“இருக்குதுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி, பாத்துக்கங்க” என்றார்.

திரவ நைட்ரஜன் வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு சின்னக் குப்பிகள், நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக இறக்கி, இப்போது மைனஸ் 196-ல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: வான்கோழி, செங்குன்றம், நவம்பர் 2023. குப்பியில் போனதுபோக மூன்று குழாய்களை இன்னும் சூட்டில் வைத்திருக்கிறேன். நாளை அவற்றை மாற்றும் முறை. மாவு தயார்.